நீரில் விழுந்த பறவையும் மீட்டு வரும் நாயும்

1959ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் வெளியிட்ட முத்திரையொன்றில் ஒரு கறுப்பு நாயின் உருவத்தைக் காண்கிறோம். கடிதத்தில் ஒட்டும் முத்திரையன்று அது. தாரா முதலிய நீர்ப்பறவைகளை வேட்டையாட விரும்பும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் வாங்கவேண்டிய அனுமதி முத்திரை. 1934ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவந்துகொண்டிருக்கிறது. அதனால் வரும் பணத்தைக் கொண்டு, பறவைகள் தங்கும் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறார்கள். வழக்கமாகப் பறவைகளுக்கே உரிய அம்முத்திரையில் அவ்வாண்டு ஒரு நாய் முன்னிலை பெற்றது. கிங் பக் என்பது அதன் பெயர். லாப்ரடோர் ரிட்ரீவர் என்னும் இனத்தைச் சேர்ந்தது. 1952, 1953 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்நாட்டின் தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது. படத்தில் அதன் வாயிலே பச்சைத் தலையுடைய ஆண் தாரா ஒன்று இருக்கிறது. அவ்வாண்டின் முத்திரைக்கு வகுக்கப்பட்ட கருப்பொருள், 'மீட்டு வரும் நாய்கள் வேட்டைப் பறவைகளைக் காக்கின்றன' என்பதாகும்.

சுடப்பட்ட பறவையைத் தூக்கி வரும் நாய், பறவையைக் காப்பது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். துவக்கிலிருந்து புறப்படும் சிறு சன்னங்கள் எல்லாப் பறவைகளையும் அந்தக்கணமே கொன்றுவிடுவதில்லை. சிறகு மாத்திரம் முறிந்து நீரில் விழும் தாரா உடனே மூழ்கிவிடும். பின்னர் நாணற் புதருக்குள்ளே எழுந்து, அலகை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு அசையாது கிடக்கும். சேற்றிலே கால் புதைய இடுப்பளவு நீரில் நிற்கும் மனிதனால் அதனைக் கண்டுபிடித்தல் அரிது. அவன் அதைக் கைவிட்டு வேறொன்றைச் சுடுகிறான். கைவிடப்பட்டதோ நாட்கணக்கில் வருந்திச் சாகும். அல்லது நரிக்கு இரையாகும். ஒன்று கைக்கு வர இரண்டு உயிர்கள் போகின்றன. இந்த வீண் சாவைத் தடுக்க வல்லது நல்ல நாயொன்றின் மூக்குத்தான்.

வேட்டை தகுமா, தகாதா என்னும் வாதத்தினுள் நான் இன்று புகவில்லை. சுடுவோர் உள்ளவரையில், சுட்டதைத் தேடி எடுத்து அதன் துன்பத்தை விரைவில் முடிப்பது அவர்களுடைய கடமை என்பதை இரு கட்சியாரும் மறுக்கமாட்டார்கள். அக்கடமையை ஒரு நாயிடம் ஒப்படைக்கும் மனிதன், அந்த நாயை எவ்வாறு பழக்குகிறான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்நாய்களின் பூர்விகம் வேட்டையோடு அன்றி மீன்பிடித் தொழிலோடு பிணைந்தது. கனடாவின் கிழக்கே அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவிலே, குட்டை மயிரும் கறுப்பு நிறமும் கொண்ட நாயொன்றை மீனவர்கள் வளர்த்து வந்தார்கள். அத்தீவின் தலைநகரின் பெயரால் அதனைச் சென்ற் ஜோன்ஸ் நாய் என்றனர். தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பாய்ந்து பற்றுவதும், கயிறுகளை நீரினூடே இழுத்து வருவதும் அதன் வேலைகள். உப்பிட்ட மீனோடு இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுகமாகிய பூலுக்கு வந்த கப்பல்களில் இந்நாய்களும் வந்திறங்கின. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அத்துறைமுகத்துக்கு அண்மையில் வாழ்ந்த மாம்ஸ்பரிப் பிரபு குடும்பத்தார் அவற்றை வாங்கித் தாரா வேட்டைக்குப் பழக்கினர். 1880களில் அவர்களிடமிருந்து சில நாய்கள் ஸ்கொத்லாந்தின் பக்ளூ கோமகனுக்குச் சென்றன. அவற்றின் வழிவந்தவையே இன்றைய லாப்ரடோர் நாய்கள். இங்கிலாந்தின் கெனல் கிளப் 1903ஆம் ஆண்டில் அவற்றைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. மூல இனமோ பிறந்த தீவிலேயே குன்றிக் குன்றி, 1980களில் அடியோடு அற்றுப்போயிற்று.

இதற்கு உறவான இன்னோர் இனத்தின் கதையும் கடலிலேதான் தொடங்குகிறது. 1807ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்துக் கரைக்கு அப்பால் கப்பலொன்று அமிழும் நிலையில் இருந்தபோது, கன்ரன் என்னும் வேறொரு கப்பல் அதிலிருந்தோரை மீட்டது. அவர்களோடு இரண்டு நியூபவுண்ட்லாந்துக் குட்டிகளும் பிழைத்தன. ஆண்குட்டிக்குச் செயிலர் என்றும், பெண்குட்டிக்கு மீட்ட கப்பலின் பெயரையும் இட்டனர். அவ்விரண்டின் இரத்தமும் அப்பகுதி நாய்களோடு கலந்து செசப்பீக் குடா ரிட்ரீவர் என்னும் இனம் உருவாயிற்று. பனிக்கட்டி மிதக்கும் நீரில் நாள் முழுவதும் தாரா எடுத்து வரும் வன்மை அதற்கு உண்டு.

இவ்வினங்களுக்கு இயற்கை கொடுத்துள்ள கருவிகளைச் சிறிது கவனிப்போம். உடம்பின் மயிர் இரண்டு அடுக்காக அமைந்திருக்கும். மேலே முரட்டு மயிர். கீழே நெருங்கிய மென்மயிர். எண்ணெய்ப் பசை கலந்திருப்பதால் நீர் எளிதில் தோலை எட்டுவதில்லை. லாப்ரடோரின் வால் அடி பருத்து நுனி சிறுத்து, நீந்தும்போது சுக்கான் போல உதவும். விரல்களின் இடையே தோல் விரிந்திருக்கும். இவற்றிலும் சிறந்தது வாய். முட்டையைக் கூட உடையாமல் தூக்கத்தக்க மென்மையான பிடியை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

ஆகவே, நீந்துவதையோ பொருளை வாயிற் கவ்வி வருவதையோ பயிற்றுவோன் புதிதாகக் கற்பிப்பதில்லை. இரண்டையும் குட்டி பிறக்கும்போதே கொண்டு வருகிறது. அவன் செய்யவேண்டிய காரியம் வேறு. அந்த ஆசை கெடாதபடி காத்து, அதனை ஓர் ஒழுங்குக்குள் அடக்கவேண்டும். ஆசையை அடக்கும் முயற்சியில் ஆசையையே அழித்துவிட்டவர்கள் பலர். ஆசையை மட்டும் வளர்த்து, நாய் கரையெல்லாம் ஓடி இருந்த பறவைகளையும் கலைத்துவிடக் கண்டவர்களும் பலர்.

முதற் பாடம் வீட்டின் நடைக்கூடத்தில் தொடங்கும். இரண்டு மாதக் குட்டியின் முன்னே சுருட்டிய காலுறையொன்றை எறிந்தால் அது ஓடிக் கவ்வும். பக்கங்களில் சுவர் இருப்பதால் திரும்பி எஜமானிடந்தான் வரவேண்டும். இரண்டு மூன்று முறையோடு விளையாட்டை நிறுத்திவிடவேண்டும். இன்னும் ஒரு முறை எறியமாட்டானா என்று குட்டி ஏங்கும் வேளையே நிறுத்தத் தக்க வேளை.

நீரை அறிமுகம் செய்வதுதான் யாவற்றிலும் நுட்பமான கட்டம். குட்டியைத் தூக்கி ஆழத்தில் எறிந்தால் நீந்தக் கற்றுக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அது நீந்தத்தான் செய்யும். உயிருக்குப் பயந்து நீந்தும். ஆனால் அன்று முதல் நீரைக் கண்டால் கரையில் நின்று நடுங்கும். பல மாத உழைப்பும் அந்தப் பயத்தை மாற்றாமற் போகலாம். அனுபவமுள்ளவர்கள் வெயிற்காலம் வரும்வரை காத்திருப்பார்கள். தரை படிப்படியாகச் சரிந்து செல்லும் கரையொன்றைத் தேர்ந்து, முழங்காலளவு நீரில் தாங்களே இறங்கி நடப்பார்கள். எஜமான் போன இடத்துக்குக் குட்டியும் போகும். நீருக்குப் பழகிய பெரிய நாயொன்று கூட இருந்தால் இன்னும் எளிது. மற்ற நாய் செய்வதைத் தானும் செய்யவேண்டும் என்னும் பொறாமை குட்டிக்கு உண்டு. எஜமானுக்கே கால் வைக்க மனமில்லாத குளிர்ந்த நீரில் குட்டியை இறக்கக்கூடாது என்பது எல்லாரும் கைக்கொள்ளத்தக்க அளவுகோல்.

குட்டி தானாக நீரில் விளையாடத் தொடங்கிய பின்னரே எறிபொருள் வரவேண்டும். பஞ்சோ தக்கையோ அடைத்த கித்தான் உருளையொன்றை இதற்குப் பயன்படுத்துவார்கள். தற்காலத்தில் பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். முதலில் கால் நிலைக்கும் தூரத்தில் எறிவார்கள். பின்பு கடைசி இரண்டடி மாத்திரம் நீந்தவேண்டிய தூரம். முன்கால்களால் நீரை அறைந்து, பின்பாகம் தாழ, நின்ற நிலையில் தத்தளிப்பது புதிய குட்டிகளின் இயல்பு. இதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பொருளின் மேல் கண் வைத்து முன்னேறத் தொடங்கியதும் உடம்பு தானே சமநிலைக்கு வரும்.

நீந்தப் பழகிய நாய் அடுத்ததாகக் கற்கவேண்டியது, போகாமல் இருக்க. பறவை விழுவதைக் கண்டும், எஜமான் பெயர் சொல்லி அனுப்பும்வரை அசையாது உட்கார்ந்திருத்தல் வேண்டும். இது வெறும் மரியாதைக்காக ஏற்பட்ட வழக்கமன்று. துவக்கு வெடிக்கும்போதே பாயும் நாய் மற்றத் துவக்குகளுக்கு முன்னே போய்விடலாம். சிறு படகைக் கவிழ்த்தும்விடலாம். அன்றியும், அமர்ந்து பார்க்கும் நாய்தான் பறவை விழுந்த இடத்தை மனத்தில் பதித்துக்கொள்ளும். நீரில் இறங்கியதும் நாயின் கண் நீர்மட்டத்துக்குச் சில அங்குலமே உயர்ந்திருக்கும். ஓர் அலையும் நாலு கோரைத் தண்டும் போதும், பறவையை மறைப்பதற்கு. அப்பொழுது அதற்குத் துணை கரையில் இருந்து கண்ட காட்சியின் நினைவே. பிரித்தானியப் பயிற்றுநர்கள் இப்பாடத்துக்கு ஓர் அருமையான வழி வைத்திருக்கிறார்கள். எறிந்த உருளைகளிற் பலவற்றை நாயை உட்காரவைத்துவிட்டுத் தாங்களே போய் எடுத்து வருவார்கள். விழுகின்ற எல்லாம் தனக்கே உரியவையல்ல என்று நாய் உணர்ந்துகொள்ளும். ஆயினும் இதை மிக இளம் பருவத்தில் கடுமையாகத் திணித்தால் உற்சாகம் மங்கிவிடும். எப்பொழுது தொடங்குவது என்பதை மாதக் கணக்கைவிட அந்தந்த நாயின் சுபாவத்தைக் கொண்டே முடிவு செய்தல் நன்று.

மூன்றாவதாக ஒரு சிறு விஷயம். ஆனால் வேட்டைக்களத்தில் பெரிதாகிவிடும். நீரைவிட்டு வெளியேறும் நாய்க்கு உடம்பை உதறவேண்டும் என்னும் ஆசை தாங்கமுடியாதது. உதறும்போது வாயில் உள்ளதைக் கீழே போடும். கித்தான் உருளையானால் கீழேயே கிடக்கும். சிறகு முறிந்த தாராவானால் மறுகணமே நீருக்குள் பாய்ந்து மறையும். தேடல் மறுபடியும் தொடங்கும். பறவையின் வேதனையும் நீளும். இதனைத் திருத்துவதற்குப் பயிற்றுவோன் நீரின் விளிம்புக்கே போய் நின்று, நாயின் கால் தரையில் ஊன்றும் முன்னர் கையை நீட்டிப் பொருளை வாங்கிக்கொள்வான். பிறகு உதறும்படி ஒரு சொல் சொல்லி உற்சாகப்படுத்துவான். அடுத்த கிழமை ஓர் அடி பின்னே நிற்பான். அதற்கடுத்த கிழமை இன்னும் இரண்டடி. கையில் கொடுத்தபின் உதறுவதே முறை என்று நாய் கொண்டுவிடும். அவசரப்பட்டு முதல் நாளே பத்தடி தள்ளி நின்று, நாய் உருளையைக் கீழே போட்டதும் கோபிப்பவன், தான் கற்பிக்காத பாடத்தில் நாயைப் பரீட்சிக்கிறான்.

இனி, நேர்கோட்டின் விஷயம். வளைந்த கரையுள்ள குளத்தில் உருளை எதிர்க்கரையோரமாக விழுந்தால், கூர்மையான புத்தியுள்ள நாய் நீந்துவதைவிடக் கரையால் ஓடிப்போவது விரைவு என்று கண்டுபிடித்துவிடும். புத்திசாலித்தனந்தானே, இதில் என்ன குற்றம் என்று தோன்றும். ஆனால் கரையில் ஓடும் நாய் கற்களையும் புதர்களையும் சுற்றுகிறது. சுற்றச் சுற்றத் தான் குறித்துவைத்த திசையை இழக்கிறது. கடைசியில் பறவை விழுந்த இடத்துக்கு ஐம்பது யார் தள்ளி நின்று மோப்பம் பிடிக்கும். அமெரிக்காவில் 1931ஆம் ஆண்டில் ரிட்ரீவர் போட்டிகள் தொடங்கியபின், நீருக்குள் நேராக இறங்கி நேராகச் செல்லும் நாய்க்கே அங்கு நடுவர்கள் மதிப்புக் கொடுத்து வந்திருக்கிறார்கள். இதற்காக முதலில் கரைக்குச் செங்குத்தாகவும், பின்பு சிறிது சிறிதாகச் சாய்வாகவும் எறிந்து பழக்குவர். எனினும் போட்டி வேறு, ஆறு வேறு. வேகமாக ஓடும் ஆற்றில் விழுந்த பறவை நாய் சேருமுன் அடித்துச் செல்லப்பட்டுவிடும். அங்கே கரையால் கீழ்நோக்கி ஓடி, பறவையை எதிர்கொண்டு பிடிக்கும் நாயைத் தண்டிப்பது மடைமை என்றே நான் எண்ணுகிறேன்.

வெடியோசையைத் தொலைவில் தொடங்கிப் படிப்படியாக அண்மையில் கேட்கச் செய்வதும், தாராக்களைக் கவர்வதற்காக மிதக்கவிடும் பொம்மைத் தாராக்களை முதலில் தரையில் பரப்பிவைத்து, அவற்றைத் தொடாமல் கடந்து செல்லப் பழக்குவதும் சில்லறைப் பாடங்கள். பொம்மைகளை நிறுத்தும் நங்கூரக் கயிறுகளில் நீந்தும் நாயின் கால் சிக்கினால் ஆபத்து என்பதை மட்டும் மறக்கக்கூடாது. உருளையிலிருந்து உண்மைப் பறவைக்கு மாறுவதும் இவ்வாறே. உருளையில் சிறகொன்றைக் கட்டியும், பின்பு இறந்த புறாவொன்றைக் கொடுத்தும் பழக்குவர்.

இதுவரை கூறியவை நாய் தன் கண்ணால் கண்ட பறவையைப் பற்றியவை. நாய் காணாத இடத்தில் விழுந்த பறவையை எடுப்பித்தல் மிக உயர்ந்த வகுப்பு. எஜமான் கண்டான், நாய் காணவில்லை. இருநூறு யார் நீருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத திசையில் அதனை அனுப்பவேண்டும். இதற்கான வழி இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதனை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் டேவ் எலியற் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். 1930களில் நியூயோர்க்கிற்கு அண்மையிலுள்ள லொங் ஐலண்ட் என்னும் இடத்து நாய்க்கூடமொன்றுக்குப் பயிற்றுநராக அவர் வந்தார். தம் நாட்டு மேய்ப்பர்கள் விசிலாலும் சைகையாலும் தொலைவில் உள்ள செம்மறி நாய்களை ஏவுவதை அறிந்திருந்த அவர், அம்முறையைத் தாரா வேட்டைக்கு மாற்றியமைத்தார். விசிலை ஒருமுறை நீட்டி ஊதினால் நாய் நீரிலேயே திரும்பி எஜமானைப் பார்க்கும். கை வலப்பக்கம் நீண்டால் வலப்பக்கம் நீந்தும். இடப்பக்கம் நீண்டால் இடப்பக்கம். கை தலைக்கு மேல் உயர்ந்தால் இன்னும் அப்பால். இப்பாடங்களையெல்லாம் முதலில் தரையிலேயே முற்றப் படிப்பிப்பர். நீந்திக்கொண்டிருக்கும் நாயைத் திருத்துவதற்கு மனிதனிடம் குரலையும் கையையும் தவிர வேறொன்றும் இல்லையல்லவா?

இவ்விடத்தில் நாயின் மூக்குக்கும் மனிதனின் கண்ணுக்கும் வழக்கு ஏற்படும். பறவை அங்கே கிடக்கிறது என்று எஜமான் கை காட்டுகிறான். நாயோ காற்றில் வரும் மணத்தைப் பற்றி வேறு பக்கம் திரும்புகிறது. காயம்பட்ட தாரா விழுந்த இடத்தில் நிற்பதில்லை. அது நீந்திப்போன வழியில் நீரின் மேலேயே மணம் சிறிது நேரம் தங்கும். அதைத் தொடரும் நாயை விசில் ஊதி நிறுத்துபவன் பறவையை இழப்பான். கீழ்ப்படியும்படி ஓராண்டு பழக்கிய நாயை, எந்தக் கணத்தில் அதன் போக்கில் விடவேண்டும் என்று அறிவதில்தான் பயிற்றுவோனின் தேர்ச்சி தெரியும்.

வன்முறையைப் பற்றியும் கூறவேண்டும். காதை நெரித்து, வலி தாங்காமல் வாய் திறக்கும்போது பொருளைக் கவ்வச் செய்து, கவ்வியதும் வலியை நீக்கும் முறையொன்று அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. கழுத்துப்பட்டியில் மின்சாரக் கருவியைப் பொருத்தித் தொலைவிலிருந்து அதிர்ச்சி கொடுப்பது பிற்காலத்தில் வந்தது. நாய் எந்த நிலையிலும் மறுக்காமல் எடுத்து வரும் உறுதி இவற்றால் கிடைக்கிறது என்று கைக்கொள்வோர் வாதிக்கின்றனர். பிரித்தானியாவின் வேட்டைநாய்ப் போட்டிகளிலோ இவற்றின் துணையின்றியே சிறந்த நாய்கள் உருவாகின்றன. வேல்ஸ் நாடு மின்சாரப் பட்டியை 2010ஆம் ஆண்டில் சட்டத்தால் தடை செய்தது. நீரில் இறங்கியபோது அதிர்ச்சியை உணர்ந்த நாய், தன் பிழைக்காக அது வந்தது என்று நினைக்கும் என்பதற்கு உறுதி யாது? நீரிலிருந்தே வந்தது என்றும் அது நினைக்கக்கூடும். குட்டியை ஆழத்தில் எறிந்தவன் அடைந்த அதே பலனை இவனும் அடைவான்.

நன்கு பழகிய நாயிடம் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அது போதும் என்று சொல்லாது. உறைபனி படர்ந்த காலையில் பதினைந்தாம் முறை அனுப்பினாலும் பாயும். குளிர்ந்த நீரில் நெடுநேரம் நீந்திய நாயின் வால் மறுநாள் துவண்டு தொங்குவதுண்டு. வாலடித் தசைகள் நொந்துபோவதால் நேர்வது. சில நாள் ஓய்வில் பெரும்பாலும் மாறிவிடும். உடல் நடுங்குவதும் கால் தடுமாறுவதும் அதனினும் கடுமையான அறிகுறிகள். உடனே நிறுத்தித் துவட்டி, காற்றுப்படாத இடத்தில் வெப்பமூட்டவேண்டும். கோடைகாலத்தில் வேறு விதமான கெடுதி உண்டு. பொருளைக் கவ்வி வாய் திறந்தபடி மீண்டும் மீண்டும் நீந்தும் நாய் நிறைய நீரை விழுங்கிவிடும். இரத்தத்திலுள்ள உப்பின் அளவு குறைந்து, வாந்தி, தள்ளாட்டம், சில வேளை மரணமும் நேரும். வாயை அகலத் திறக்கத் தேவையில்லாத மெல்லிய உருளையைப் பயன்படுத்தி, இடையிடையே கரையில் இளைப்பாற விடுவது இதற்குரிய காவல். வெப்ப மிகுதியில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து நீர் நிறம் மாறிய குளத்தில் நாயை இறக்கவே கூடாது; அப்பாசியின் நஞ்சு சில மணி நேரத்துள் உயிரைக் கொள்ளக்கூடும்.

ஆகையால் நல்ல பயிற்றுநர்கள் ஒரு நாளில் நீரில் எறிவது ஐந்தாறு தடவைக்கு மேற்படாது. பிறகு காதின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, விரலிடுக்குகளில் முள்ளோ தூண்டில் முனையோ தைத்திருக்கிறதா என்று பார்த்து, மயிர் உலரும்வரை உடனிருந்துவிட்டே நாயைக் கூட்டுக்கு அனுப்புவார்கள்.